ஏழாவது வாளி

லிஸ்பன்,
8 அக்டோபர் 1972

அன்புள்ள தம்பி பெல்மீரோவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லாமல், வேளைக்கு ஏதாவது சாப்பிட்டு நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி. நம் ஊர் கொவில்யாவில் குளிர் தொடங்கிவிட்டது. நாள் முழுக்கக் கம்பளி ஆலையில் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்? வேலையை விடு என்றால் கேட்கிறாளா!

உன் பாட்டு வந்தது. நீயும் உன் சிநேகிதன் செஃபெரீனோவும் சேர்ந்து கட்டினோம் என்று எழுதியிருந்தாயே, அதுதான். என் வேலை உனக்குத் தெரியும். பாட்டு வரிகளைப் படித்து ‘ஒலிபரப்பலாம்’, ‘கூடாது’ என்று பெரியவர்கள் சொல்வதை வானொலி நிலையத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவள் நான். வருவதெல்லாம் கடல், நிலா, கண்ணீர். அதற்கு நடுவில் உன் கழுதை வந்து நின்றதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் பாடிக் காட்டினேன்:

கண்ணைக் கட்டிக் கிணத்தைச் சுத்துற கழுதையே,
காலையில கிளம்பினியே, சந்தை வந்துருச்சா?
வந்துரும் வந்துரும் நட.

பழைய எசமான் அத்திமர நிழல்ல படுத்துட்டார்,
புதுசா ஒருத்தர் வந்தார், சாட்டை மட்டும் அதே.
வந்துரும் வந்துரும் நட.

ஆறு வாளி நிறைஞ்சு வருது ஆரஞ்சுத் தோட்டத்துக்கு,
ஏழாம் வாளி எங்கேன்னு கிணத்தைக் கேக்காதே.
வந்துரும் வந்துரும் நட.

பாவம் அந்தக் கழுதை. வாளிச் சக்கரத்தில் பூட்டியபடி சுற்றிய இடத்தையே சுற்றிக்கொண்டு, தூரமாகப் போகிறோம் என்று நம்பி நடக்கிறதே. ஆனால் அந்த ஏழாம் வாளி எங்கேதான் போயிற்று? கயிறு அறுந்துவிட்டதா? பாடகர் ஒலெகாரியோவிடம் காட்டினேன். அவர் இதை இசைத்தட்டாகப் பாடிவிட ஆசைப்படுகிறார். என்ன சொல்கிறீர்கள் இரண்டு பேரும்?

செஃபெரீனோவுக்குக் கடிதம் எழுத ஆளில்லை, அவன் அம்மாவுக்கு எழுதத் தெரியாது, நீ அவனுக்கு, சிப்பாய்களுக்குக் கடிதம் எழுதித் தேற்றும் போர் ஞானத்தாயாக இருப்பாயா என்று கேட்டிருந்தாய். இதைக் கேட்க வேண்டுமா? மாதம் ஒரு கடிதம், ஞாயிறுதோறும் கோவிலில் அவன் பேரில் ஒரு மெழுகுவத்தி. இனி எனக்கு இரண்டு பிள்ளைகள். அவன் கால் அளவை மட்டும் எழுது, சாக்ஸ் பின்ன வேண்டும்.

அம்மாவின் முத்தங்களும் என் முத்தங்களும்.
உன் அக்கா,
தெயொலிந்தா


கினி, ஆற்றங்கரை முகாம்,
19 நவம்பர் 1972

என் அருமை அக்காவுக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இது தபாலில் வரவில்லை, விடுமுறைக்குப் போகும் எங்கள் மருத்துவ உதவியாளன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவான். அதனால் மனம்விட்டு எழுதுகிறேன்.

அக்கா, அக்கா! நாடு முழுக்க எழுதுகிற பாட்டையெல்லாம் படிக்கிற ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, “பாவம் கழுதை” என்று எழுதியிருக்கிறாயே! உன் கடிதத்தைச் செஃபெரீனோவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. ஊருக்கெல்லாம் புரியாமல் போகட்டும், அதற்காகத்தானே அப்படி எழுதினோம். உனக்குமா?

கேள். கழுதை யார்? கடல் தாண்டிக் காலனிப் போருக்கு அனுப்பிய சிப்பாய்கள் நாங்கள்தான். கண்ணில் கட்டிய துணி, நாங்கள் கப்பல் ஏறிய அன்று துறைமுகத்தில் வாசித்த பேண்டு, பாதிரியார் தெளித்த தீர்த்தம், செய்தித்தாள். பதினோரு வருஷமாக ‘வந்துரும் வந்துரும்’ என்று சொல்லி நடக்க வைக்கிறார்கள். சந்தை வந்தபாடில்லை. படுத்துவிட்ட எசமான் நாட்டை அவ்வளவு காலம் ஆண்ட கிழவர், புதிதாக வந்தவர் இப்போது அவர் நாற்காலியில் இருப்பவர். சாட்டை அதே சாட்டைதான். தண்ணீர் எங்கள் வயசு. ஆரஞ்சுத் தோட்டம், இங்கே கம்பெனி வைத்துக் கொழிக்கிற பெரிய குடும்பங்களுடையது.

ஏழாம் வாளி நான் எழுதியது. எங்கள் அணியில் ஏழு பேர் இருந்தோம். ஏழாவது ஆள் அபீலியோ. ஆற்றில் ரோந்துப் படகு கவிழ்ந்து இறந்தான் என்று அவன் வீட்டுக்குச் செய்தி போயிற்று. ரோந்துமில்லை, ஒன்றுமில்லை. கேப்டனுக்கு மான் இறைச்சி சாப்பிட ஆசை வந்தது, அக்கரைக்கு வேட்டைக்கு அனுப்பினார். எதிரிகள் காத்திருந்தார்கள். ‘கிணத்தைக் கேக்காதே’ என்றால், அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார்கள் என்று அர்த்தம். அந்த வரி அபீலியோ என்பது எனக்கும் செஃபெரீனோவுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும்.

ஒலெகாரியோ பாடட்டும். தட்டில் எங்கள் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போடச் சொல். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

உன்னைக் கட்டிக்கொண்டு,
பெல்மீரோ

ஞானத்தாய்க்கு செஃபெரீனோ எழுதிக்கொள்வது: கால் அளவு நாப்பத்தி மூணு. பாட்டுல கடைசிச் சரணம் உங்க தம்பியோடது, மெட்டு என்னோடது, கழுதை எங்க அம்மாவோடது. நெசமான கழுதைதான். ஊருக்கு வந்தா அது மேல ஏத்தி உங்களை ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன்.


லிஸ்பன்,
14 ஜனவரி 1973

அன்புள்ள தம்பிக்கு,

புது வருஷம் உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். விடுமுறை முடிந்து திரும்பும் உங்கள் மருத்துவ உதவியாளன் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாங்கள் நலம். கிறிஸ்துமஸுக்குக் கருவாட்டு மீனும் உருளைக்கிழங்கும் வைத்து அம்மா உன் தட்டையும் சேர்த்துப் பரிமாறினாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. நீ சொன்னபடி எரித்துவிட்டேன். ஆனால் மனசில் இருப்பதை எந்த அடுப்பில் போடுவது? இப்போது அந்தப் பாட்டைக் கேட்டால் கழுதை தெரிவதில்லை, நீதான் தெரிகிறாய். அபீலியோவின் அம்மாவை நினைத்து அழுதேன். பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. உனக்குள் இவ்வளவு இருக்கிறதா!

தட்டு வந்துவிட்டது. எங்கள் ஆபீஸ் தலைவர் வரிகளைப் படித்துவிட்டு, “நல்ல நாட்டுப்புறக் கழுதை, போகட்டும்” என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். ‘ஒலிபரப்பலாம்’ என்று நான்தான் தட்டச்சு செய்தேன். சிப்பாய்களின் குடும்பங்களுக்கான நேயர் விருப்பத்தில் தினமும் கேட்கிறார்கள். நாட்டிலுள்ள தாய்மார்களெல்லாம் கழுதைப் பாட்டைத் தங்கள் பிள்ளைக்குக் காணிக்கை வைக்கிறார்கள். அம்மாவும் ஆலையில் கேட்டாளாம். “என் மகன் கட்டினது” என்று சொல்ல வாயெடுத்து, நான் எச்சரித்தது ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டாளாம்.

செஃபெரீனோவுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் தனியாக அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறம். உனக்கு அத்திப்பழமும் மத்தி மீன் டப்பாவும். அவனுக்கும் கொடு.

முத்தங்களுடன்,
அக்கா


கினி, ஆற்றங்கரை முகாம்,
25 பிப்ரவரி 1973

என் அருமை அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், கொசுக்கள் உள்பட. இதையும் விடுமுறைக்குப் போகிற ஒருவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

போன ஞாயிறு ரேடியோவில் வந்தது! முகாம் முழுக்க மேஜையைத் தட்டிக்கொண்டு பாடியது. ‘வந்துரும் வந்துரும்’ வரும்போதெல்லாம் சமையல்காரன் முதற்கொண்டு எல்லோரும் கழுதை மாதிரிக் கத்துகிறார்கள். கேப்டன் வெளியே வந்தார். உயிர் போய்விட்டது எனக்கு. அவரோ காலால் தாளம் போட்டுக்கொண்டு, “நல்லா இருக்கே, யாருடா இது, ஊர்க்காரனா?” என்றார். செஃபெரீனோ எழுந்து நின்று, “ஆமா சார், எங்க ஊர்ப் பக்கம்தான். கழுதை ஜாஸ்தி” என்றான். கேப்டன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்!

பிறகு ஆற்றோரம் போய் உட்கார்ந்தோம். அவன் அழுதான். “டேய், அபீலியோ பேரை ரேடியோவுல சொல்லிட்டோம்டா. அவன் ஆத்தா கேட்டிருக்கும். அதுக்குத் தெரியாது, ஆனாலும் கேட்டிருக்கும்” என்றான். அக்கா, இங்கே வந்த பிறகு நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று தோன்றியது.

சாக்ஸை அவன் போடவே மாட்டேன் என்கிறான். “ஞானத்தாய் பின்னினதை இந்தச் சேத்துலயா மிதிக்கிறது?” என்று பைக்குள் வைத்திருக்கிறான். கிறுக்கன்.

அன்புடன்,
பெல்மீரோ


லிஸ்பன்,
6 மே 1973

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். உடனே எழுத முடியாமல் போய்விட்டது, ஆபீசில் வேலை அதிகம்.

நான் சொல்வதைக் கேள். கொஞ்ச நாளைக்குப் பாட வேண்டாம். கேலிக்குக்கூட வேண்டாம். என்னைக் காரணம் கேட்காதே. உன்னை வேறு இடத்துக்கு மாற்றினால் மறு பேச்சுப் பேசாமல் போ. “நான் எங்கள் ஆட்களோடுதான் இருப்பேன்” என்று வீரம் பேசித் தொலைக்காதே. அம்மாவுக்கு நீ ஒருத்தன்தான் மகன். அதை மட்டும் நினைவில் வை.

வெயில் வந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

அக்கா


பிசாவ்,
17 ஜூன் 1973

என் அருமை அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் நலம்தானே? உன் போன கடிதம் கடிதம் மாதிரியே இல்லை, தந்தி மாதிரி இருந்தது.

உனக்கு ஆரூடம் தெரியுமா என்ன? நீ எழுதிய கடிதம் வந்த வாரமே என்னை மாற்றிவிட்டார்கள். தலைநகரில், ராணுவத் துணிக்கிடங்கில். மின்விசிறி இருக்கிறது அக்கா! காலையில் ரொட்டியும் வெண்ணெயும். துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஒரு மாசம் ஆகிறது. முதல் நாள் ராத்திரி மெத்தையில் படுத்துக்கொண்டு, இப்படி ஒரு அதிர்ஷ்டம் எனக்கா என்று கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் செஃபெரீனோவிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. ரோந்து போயிருந்தான். அவனிடமிருந்து இதுவரை ஒரு வரி இல்லை. நம் பாட்டையும் ரேடியோவில் காணோம். என்ன ஆயிற்று?

இன்னொன்று. நான் கிளம்பும் முன் அவன் முகம் வாடியிருந்தது. “ஞானத்தாய் ரெண்டு மாசமா எழுதலடா, நான் ஏதாச்சும் தப்பா எழுதிட்டனா?” என்று கேட்டான். எனக்கு எழுதுகிறாய், அவனுக்கு மட்டும் ஏன் எழுதவில்லை? உன் கடிதம் வரும் நாளில் அவன் முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு நிற்பான். மறந்துவிடாதே.

பெல்மீரோ


பிசாவ்,
12 ஆகஸ்ட் 1973

அக்கா,

அம்மா நலமாக இருக்கட்டும்.

என் ஜூன் கடிதத்துக்குப் பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. வழியில் யாராவது படித்தால் படிக்கட்டும்.

செஃபெரீனோவைப் பார்த்தேன். வடக்கு எல்லை முகாமுக்குப் போகிற வண்டிக்காகத் துணிக்கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தான். கூடவே காவலுக்கு இரண்டு பேர். தண்டனை அணி. அங்கே போனவர்களில் எத்தனை பேர் முழுசாகத் திரும்பினார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உருவிக்கொண்டான்.

“கிடங்கு வேலையாடா? நல்லா இரு” என்றான்.

“என்னடா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. கேப்டன் கூப்பிட்டார். கழுதைப் பாட்டு உன்னுதான்னார். ஆமான்னேன். ஏழாம் வாளி அபீலியோ, ஆரஞ்சுத் தோட்டம் இன்னார், கண்ணுல கட்டின துணி பாதிரியார் தண்ணின்னு ஒவ்வொண்ணா வாசிச்சார். நம்ம ரெண்டு பேருக்குள்ள பேசுனது. வார்த்தை மாறல.”

“நீ என்ன சொன்னே?”

“நான்தான் எழுதினேன்னேன். வேற என்னத்தச் சொல்ல? ஒருத்தன் மாட்டுனது போதாதா?”

கேட்டாயா அக்கா? கடைசிச் சரணம் என்னுடையது. அதை நான் எழுதினேன். தண்டனையை அவன் வாங்கிக்கொண்டான். அதையும், நான்தான் அவனை விற்றுவிட்டுக் கிடங்கில் வந்து உட்கார்ந்தேன் என்று நம்பிக்கொண்டே வாங்கிக்கொண்டான்!

நான் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். அக்காவுக்கு மட்டும்தான் சொன்னேன், வேறு யாருக்கும் இல்லை என்றேன். அவன் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை கோபம்கூட இல்லை. “உன் தோலைக் காப்பாத்திக்க ஞானத்தாய் மேல பழி போடுறியா? எனக்காக மெழுகுவத்தி ஏத்துறவுங்க மேல? சீ!” என்று என் காலடியில் துப்பினான். வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டான்.

நான் ஒருத்தரிடம்தான் சொன்னேன், அக்கா. யார் சொன்னது?

பெல்மீரோ


லிஸ்பன்,
21 அக்டோபர் 1973

அன்புள்ள தம்பிக்கு,

நீ உயிரோடு இருப்பதற்குத் தினமும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். அம்மா நலம்.

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. நீதிபதி மாதிரிக் கேட்கிறாய், நானும் கூண்டில் ஏறியே பதில் சொல்கிறேன்.

ஏப்ரலில் ஒரு நாள் தலைவர் கூப்பிட்டார். அறையில் பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரகசியப் போலீஸ் என்று பார்த்ததுமே தெரிந்தது. பாசறைகளில் கழுதை மாதிரிக் கத்துகிறார்கள் என்று யாரோ கர்னல் வீட்டிலிருந்து புகார். பாட்டைப் பாஸ் செய்தது தலைவரின் கையெழுத்து. மாட்டினால் முதலில் மாட்டுவது அவர்தான்.

“தட்டுல பெ.மா., செ.கா.ன்னு ரெண்டு பேர் இருக்கே. உங்க தம்பி பேரு பெல்மீரோ மார்த்தின்ஸ்தானே, தெயொலிந்தா அம்மா?” என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயே சொல். அந்த அறையில் நீ இல்லை. “தம்பி எழுத்துக்கூட்டிக் கொடுத்தான், அவ்வளவுதான். வார்த்தையெல்லாம் இன்னொரு பையனுது” என்றேன். “அதை எப்படி நம்புறது? உங்க தம்பிக்கு அர்த்தம் தெரியாதா?” என்றார். “அந்தப் பையன் சொல்லித்தான் அவனுக்கே தெரியும். எனக்கு எழுதியிருந்தான்” என்றேன். பழுப்புக் கோட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அவர்கள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். நான் சொன்னதை நானே தட்டச்சும் செய்தேன். உன்னை மாற்றிவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள், மாற்றினார்கள். பிறகு நிலையத்தில் இருந்த தட்டுகளை என் முன்னால் வைத்து, அந்தப் பாட்டின் மேல் ஆணியால் கோடு கிழிக்கச் சொன்னார்கள். கிழித்தேன்.

செஃபெரீனோவுக்கு எழுத உட்காருவேன். ‘அன்புள்ள மகனுக்கு’ என்று போட்டதும் கை நின்றுவிடும். நாலு தடவை கிழித்துப் போட்டிருக்கிறேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். இரண்டு பேரில் ஒருத்தன் போக வேண்டும் என்றால் நான் யாரைக் காட்டுவேன்? நாளைக்கு அதே அறையில் உட்கார வைத்துக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நீ பெற்றுப் பார், அப்போது தெரியும். நான் பெறவில்லைதான். ஆனால் அம்மா ஆலைக்குப் போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தது யார்?

உன் அக்கா


பிசாவ்,
11 நவம்பர் 1973

அக்கா,

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

நீ இடுப்பில் வைத்துத் திரிந்ததை நான் மறக்கவில்லை. அதனால்தான் உன்னிடம் சொன்னேன். உலகத்தில் ஒருத்தருக்காவது நான் எழுதியது புரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ நன்றாகப் புரிந்துகொண்டாய்.

எனக்கு ஒன்று மட்டும் செய். செஃபெரீனோவுக்கு எழுது. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். ‘நான்தான் சொன்னேன், பெல்மீரோ இல்லை’ என்று ஒரே ஒரு வரி. நான் மூன்று கடிதம் போட்டேன், பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டான். உன் கடிதம் என்றால் பிரிப்பான். தலை சீவிக்கொண்டு பிரிப்பான்.

இந்த மாதமே எழுது.

பெல்மீரோ


பிசாவ்,
10 மார்ச் 1974

செஃபெரீனோ இறந்துவிட்டான். தண்ணீர் எடுக்கப் போன வழியில் கண்ணிவெடி. இங்கே கொண்டுவந்தார்கள். அவன் சாமான்களைக் கட்டி வீட்டுக்கு அனுப்பும் வேலை துணிக்கிடங்குக்கு வந்தது. நான்தான் கட்டினேன். சாம்பல் நிறச் சாக்ஸ் இரண்டு ஜோடியும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

உன்னிடமிருந்து அவனுக்கு எதுவும் வரவில்லை என்று அவன் முகாமில் இருந்தவன் சொன்னான். ஒவ்வொரு தபால் நாளும் கேட்பானாம்.

எனக்கு எழுதாதே.


லிஸ்பன்,
19 மே 1974

அன்புள்ள தம்பிக்கு,

எழுதாதே என்றாய். ஆனால் இப்போது எழுதாமல் இருக்க முடியுமா? உனக்கும் செய்தி வந்திருக்கும். ஆட்சி கவிழ்ந்துவிட்டது! ராணுவமே கவிழ்த்தது. தெருவெல்லாம் ஜனம், துப்பாக்கிக் குழாய்களில் பூ. பழுப்புக் கோட்டுக்காரர்களை ஜனங்கள் விரட்டிப் பிடிக்கிறார்கள். போர் முடிந்துவிடும், நீங்களெல்லாம் வந்துவிடுவீர்கள் என்று அம்மா உன் கட்டிலுக்கு வெள்ளை அடித்திருக்கிறாள்.

பாட்டு மறுபடி வருகிறது, பெல்மீரோ. நாள் முழுக்க. நிலையத்தில் கோடு விழாத தட்டு ஒன்றுகூட இல்லை, ஒலெகாரியோ வீட்டிலிருந்து வாங்கி வந்தார்கள். எங்கள் தலைவர் ‘போரை எதிர்த்த பாடல்கள்’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார். ஆமாம், அவரேதான். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டார், எல்லோரையும் ‘தோழரே’ என்கிறார். போன வியாழக்கிழமை நம் பாட்டுக்கு அர்த்தம் சொன்னார். கண்ணில் கட்டிய துணி, அத்திமர நிழல், ஆரஞ்சுத் தோட்டம், ஏழாம் வாளி, எல்லாம். நான் அன்று தட்டச்சு செய்ததைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி வாசித்தார். கடைசியில் மட்டும், “மக்களின் குரல்” என்று சேர்த்துக்கொண்டார். செஃபெரீனோவின் பெயரைச் சொல்லி எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நானும் நின்றேன்.

நீ வந்ததும் நிகழ்ச்சியில் வந்து பேச வேண்டும் என்கிறார். அந்த வரிகள் எப்படிப் பிறந்தன, என்ன அர்த்தம் என்று நீயே சொன்னால் நன்றாக இருக்குமாம். செஃபெரீனோவுக்கும் அது ஒரு மரியாதைதானே? யோசித்துச் சொல். கப்பல் என்றைக்கு என்று எழுது. துறைமுகத்துக்கு வருகிறேன். நேரில் பார்த்தால் எல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

உன் அக்கா,
தெயொலிந்தா


அலெந்தேஜு, செஃபெரீனோவின் வீடு,
21 ஜூலை 1974

தெயொலிந்தா,

துறைமுகத்தில் உன்னைப் பார்த்தேன். நீலச் சட்டை, கையில் பூ. காயம்பட்டவர்களைத் தூக்குப் படுக்கையில் இறக்குகிற பக்கமாக இறங்கிப் போய்விட்டேன். அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அறுவடை முடியும்வரை இங்கேதான் இருப்பேன். அதற்குப் பிறகும் உன் வீட்டுக்கு வரமாட்டேன்.

உன் தலைவர் அர்த்தம் கேட்டார் அல்லவா? சொல்லிவிடு. அது ஒரு கழுதையைப் பற்றிய பாட்டு. அதன் பெயர் சீமாட்டி. எலும்பும் தோலுமாக இருக்கிறதற்கு அப்படி ஒரு பெயர்! இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்றோரம் அத்திமரம். ஓட்டை வாளி ஒன்றுகூட இருக்கிறது. இன்று காலை கண்ணைக் கட்டாமல் பூட்டிப் பார்த்தேன். ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. துணியைக் கட்டியதும் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் முதல் கடிதத்தில் நீ எழுதினாயே, ‘பாவம் அந்தக் கழுதை’ என்று. அதுதான் சரியான அர்த்தம். உன்னை அதோடு விட்டிருக்க வேண்டும்.

செஃபெரீனோவின் அம்மா ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டாள். “அவனுக்கு ஒரு ஞானத்தாய் இருந்தாங்களே, உனக்குத் தெரியுமாப்பா? லிஸ்பன்ல. அவங்க எழுதினதைத்தான் பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டுப் படிக்கச் சொல்லி அனுப்புவான். சாக்ஸ்கூட பின்னிக் குடுத்தாங்க. நல்ல மனுஷி. எம்புள்ளைக்கு அங்க அவங்கதான் தொணை” என்றாள். தெரியும் என்றேன். யார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன். உன் ரகசியத்துக்கு இப்போது நானும் காவல்.

காலையில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவள் கையால் செய்தது. “அந்த ஞானத்தாய்க்குச் சேத்துரு” என்றாள். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

சாப்பிடு.

பெல்மீரோ